பொடுதலைக்குப் பக்கத்தில்

சரவணா,

நீ அனுப்பிய அட்டைப்பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. பார்சல்காரர் அந்தப் பெட்டிக்கட்டை ஹாலில் இறக்கிவிட்டு, "வீடு காலி பண்றீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "தெரியலப்பா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்பி வருகிறேன். மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்க்கிறேன். இறங்கி வந்தால் பெட்டிக் கட்டு வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது. காலையில் ஒரு பெட்டியை மட்டும் பிரித்து, அடியில் டேப் ஒட்டி, முதலில் லத்தீன் அகராதியை வைத்தேன். அரை மணி கழித்து ஒரு சொல் பார்க்க வேண்டியிருந்ததால் அதையும் வெளியே எடுத்துவிட்டேன். இப்போது பெட்டி காலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய். போனில் பேசினால் நீ என்னை முழுதாகப் பேசவிட மாட்டேன் என்கிறாய், நானும் பாதியில் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கே கூரியரில் போட்டுவிடுவேன். நடுவில் எழுந்து எழுந்து போய்வருவேன், கோவையாக இருக்காது. பொறுத்துக்கொள்.

"அம்மா, விழுந்துட்டு விழலன்னு சொல்லாத" என்றாய் நீ. லதா உனக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கீழ் வீட்டில் குடியிருக்கும் நர்ஸ், நல்ல பெண், பதறிப்போய்ச் சொல்லியிருப்பாள். "அண்ணா, அம்மா கிரிவலப் பாதைல விழுந்து கெடந்தாங்க, ஆட்டோல தூக்கினு வந்தோம்" என்று. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அது இல்லை. நடந்ததை உனக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாம் இரண்டு பேரும் செய்துவந்த வேலையிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும், உனக்கு மட்டும்தான் புரியும்.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம் நீ போன் செய்தது நினைவிருக்கிறதா? பாடம் பண்ணிய செடிகளை அடுக்கிவைத்திருக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு, அவற்றைப் பற்றி யாரோ வெள்ளைக்காரர்கள் எப்போதோ லத்தீனில் எழுதிவைத்த குறிப்புகளை மொழிபெயர்க்க வேண்டும், ஒன்றும் ஓடவில்லை என்று அலுத்துக்கொண்டாய். "அம்மா, வாக்கியத்துல வினைமுற்றே இல்லம்மா. தேடித் தேடிப் பாத்துட்டேன்" என்றாய். என்னால் நம்ப முடியவில்லை. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் முற்று இல்லாத வாக்கியத்தின் மேல் சிவப்பு மை போட்டே கை தேய்ந்தவள் நான். நீ படித்துக் காட்டினாய். செடி, படர்ந்து கிடக்கும், தண்டு, கிளைத்த, கணு, வேர்விடும், இலை, ஆப்பு வடிவில். அவ்வளவுதான். எதுவும் முடியவில்லை. எல்லாமே எச்சமாகவே நின்றது. "இதுக்குப் போய் ஏன்டா கஷ்டப்படற, நம்ம பெயரெச்சம்தான் இது" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அப்பா போன பிறகு என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது அந்த வேலைதான் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் வேகமாகப் பிடித்துக்கொண்டேன். செய்துகொண்டிருப்பதற்கு ஒரு விகுதி, செய்யப்பட்டதற்கு ஒரு விகுதி, செய்யப்போவதற்கு ஒன்று, செய்யப்பட வேண்டியதற்கு இன்னொன்று. கடைசி இரண்டும் செடிகளுக்கு அதிகம் தேவைப்படாது என்று நீ சொன்னாய். செடி எதையும் செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரியாது என்று நான் சொன்னேன், நீ சிரித்தாய். வெட்டுக்காயப் பூண்டுக்கு 'ப்ரொகும்பென்ஸ்' என்று பெயர், தானாகத் தரையில் படுத்திருக்கிற என்று பொருள். அம்மான் பச்சரிசிக்கு உறவான இன்னொரு பூண்டுக்கு 'ப்ராஸ்ட்ராட்டா', அது கிடத்தப்பட்ட. இரண்டும் தரையோடு தரையாகத்தான் இருக்கின்றன. ஒன்றை அது தானே செய்கிற மாதிரியும், இன்னொன்றை யாரோ செய்துவிட்ட மாதிரியும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். யார் கிடத்தினார்கள் என்று நான் கேட்டேன். "அம்மா, அதெல்லாம் சும்மா ஒரு வழக்கம்" என்றாய். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

பிறகு மலையடிவாரத்து நாற்றுப்பண்ணைக்காரர்கள் பெயர்ப்பலகை கேட்டார்கள். தமிழ்ப் பெயர், லத்தீன் பெயர், அந்த லத்தீன் பெயருக்கு அர்த்தம், செடியைப் பற்றி இரண்டு வரி. நீ குறிப்பை போனில் அனுப்புவாய், நான் தமிழில் எழுதுவேன். பொடுதலைக்கு எழுதும்போதுதான் நான் மாட்டிக்கொண்டேன். 'தண்டு', 'கணுக்களில் வேர்விடும்', 'இலை' என்று சொற்கள் வரிசையாக நின்றன. தமிழ்க் கண்ணுக்குப் பெயரெச்சம் பின்னால் வருகிற பெயரைத்தான் பிடிக்கும். நான் 'வேர்விடும் இலைகளை உடையது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நீ கூப்பிட்டு, "எல எங்கம்மா வேர் விடும்?" என்று கேட்டுச் சிரித்தாய். "ஏன் விடாது? நம்ம மாடியில் தொட்டில இருக்கற ரணகள்ளி எல வேர் விடலையா?" என்று நானும் விடவில்லை. விகுதியை வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் முன்னால் நிற்கும் தண்டுக்கும் பொருந்தும், பின்னால் நிற்கும் இலைக்கும் பொருந்தும். நீயும் அகராதியைப் புரட்டினாய், நானும் புரட்டினேன். கடைசியில் நீதான் சொன்னாய், "சண்ட போடறதுக்குப் பதிலா போய்ச் செடியப் பாத்துட்டு வாம்மா." கிரிவலப் பாதையில் அது படர்ந்து கிடக்கிற குளக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். தண்டுதான் வேர் விடுகிறது. அதிலிருந்து நமக்கு அது சட்டமாகிவிட்டது. செடியைப் பார்க்காமல் சொல்லை எழுதுவதில்லை. பாடம் பண்ணிய தாளை நம்பக்கூடாது, ஏனென்றால் தாளில் வைத்து அழுத்திவிட்டால் நின்ற செடியும் படுத்துத்தான் கிடக்கும் என்று நீ சொன்னாய்.

இந்தச் சட்டம் உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, உங்கப்பாவுடையது. நீ பிளஸ் டூ முடித்துவிட்டுச் செடி படிக்கப்போகிறேன் என்று நின்றபோது அவர் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. "புல்லு பூண்டு படிக்கறதுக்கு காலேஜ் எதுக்கு, கழனிக்குப் போனா போதாதா" என்று என்னிடம் பொருமினார். நீ போய்ச் சேர்ந்த பிறகு அவர்தான் டிரிப் முடித்து வரும்போதெல்லாம் பஸ் நின்ற இடத்தில் கண்ணில் பட்ட செடியைப் பிடுங்கி, ஈரத் துணியில் சுற்றி, கண்டக்டர் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நீ அவரை விடமாட்டாய். "வாடிப்போச்சுப்பா, இது நின்னுச்சா, படுத்துச்சா, ஏறுச்சா?" என்று கேட்பாய். அவருக்குச் சொல்லத் தெரியாது, செய்து காட்டுவார். சுவரில் சாய்ந்து இரண்டு கையையும் மேலே நீட்டினால் கொடி. இடுப்பை வளைத்துக் கையைத் தரையில் ஊன்றினால் பாதி படுத்துப் பாதி நிமிர்ந்தது. ஒரு நாள் காக்கிச் சட்டையோடு ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இப்புடித்தான்டா இருந்துச்சு, கன்னம் மண்ணுல ஒட்டற மாதிரி" என்றார். பால்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க சாருக்கு?" என்று பதறினார். நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. செடி எப்படி இருக்கிறதோ அப்படி உடம்பை வைத்துப் பார்ப்பது நம் வீட்டுப் பழக்கம். அடுத்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும்.

இரு, குக்கர் கூப்பிடுகிறது.

வந்துவிட்டேன். இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். பலகை எழுதுகிற பெயிண்டர் பொடுதலைக்கு முடிவான வரி கேட்டு அனுப்பியிருந்தார். மறுபடியும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது எனக்கு. எல்லாக் கணுவும் வேர் விடுகிறதா, தரையைத் தொட்ட கணு மட்டும்தானா? போன தடவை நின்றபடியே குனிந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன். காலையில் ஆட்டோ பிடித்துக் கிரிவலப் பாதையில் அந்தக் குளக்கரைக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்த மண், பொடுதலை பாய் விரித்த மாதிரி கிடந்தது. குனிந்து பார்த்தேன், தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்தேன், தண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருப்பது கண்ணுக்கு எட்டவில்லை. செருப்பையும் பையையும் ஓரமாக வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குப்புறப் படுத்துவிட்டேன். கன்னம் மண்ணில் ஒட்டுகிற மாதிரி. யாரும் தள்ளவில்லை, கால் வழுக்கவில்லை, தலை சுற்றவில்லை. நானாகத்தான் படுத்தேன். அங்கிருந்து பார்த்தால் அது வேறு ஊர் மாதிரி இருக்கிறது, சரவணா. தரையைத் தொட்ட கணுவில்தான் வேர் இருக்கிறது. கல்லின் மேல் தூக்கி நின்ற கணுவில் இல்லை, சும்மா ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தயாராக இருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உனக்குப் போன் பண்ணத்தான் கையை ஊன்றினேன்.

மற்ற ஊராக இருந்தால் ஒரு கிழவி மண்ணில் கிடந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். இது திருவண்ணாமலை. நான் படுத்திருந்த வாக்கில் என் தலை மலையைப் பார்த்திருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் நான் மலையைக் கும்பிட்டு விழுந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்குத் தொந்தரவு இல்லாமல் சுற்றிப் போனார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் என் தலைமாட்டில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். ஒரு அம்மா மட்டும் நின்று, "பொம்பளைங்க இப்புடி நெடுக்க விழக்கூடாதும்மா, முட்டி போட்டுத்தான் கும்பிடணும்" என்று திட்டினார். "கும்பிடலீங்க, செடி பாக்கறேன்" என்றேன். அவர் "சரி சரி, வேண்டுதல்னா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். கடைசியில் எதிர்ப்பக்கம் டீக்கடை போட்டிருப்பவர்தான் சந்தேகப்பட்டு வந்தார். "டீச்சர் ரொம்ப நேரமா கும்பிடறாங்களேன்னு பாத்தேன்" என்று பிறகு லதாவிடம் சொன்னாராம். அவரும் ஆட்டோக்காரரும் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள். லதா வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை, முட்டி தேய்மானம் என்றார்கள். அதற்குள் உனக்குச் செய்தி போய்விட்டது. நீ லீவு போட்டு, வண்டி பேசி, பெட்டி அனுப்பி, நித்யாவிடம் உங்கள் வீட்டில் எனக்கு ஒரு அறையைத் தயார் பண்ணச் சொல்லி, எல்லாம் முடித்துவிட்டாய்.

நான் விழவில்லை என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். அது உண்மை. ஆனால் ஆயிரம் தடவை சொன்னதில் ஒரு தடவைகூட நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. எழுதிவிட்டுக் கிழித்துவிடலாமா என்று பார்க்கிறேன். கிழிக்கப்போவதில்லை.

கையை ஊன்றினேன் என்று சொன்னேன் அல்லவா, ஊன்றி எழ முடியவில்லை. வலது முட்டி மடங்கவே இல்லை. பக்கவாட்டில் புரளப் பார்த்தேன், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. போன் பையில், பை கைக்கு எட்டாத தூரத்தில். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எறும்பு ஏற ஆரம்பித்தது. வருகிறவர்களைக் கூப்பிட்டேன். முகம் மண்ணில் இருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவர்கள் காதில் மந்திரம் மாதிரி விழுந்திருக்கும். கால்கள் வருகின்றன, நிற்கின்றன, போகின்றன. ஒரு காலைத் தொட்டுக் கூப்பிடலாம் என்று கையை நீட்டினேன். அது எனக்கு வழிவிட்டு விலகிப் போனது. அப்போது பயந்துவிட்டேன், சரவணா. உங்கப்பா போனபோதுகூட அந்த மாதிரிப் பயம் எனக்கு வந்ததில்லை. அன்றைக்கு அழுகை இருந்தது, மனிதர்கள் இருந்தார்கள். இங்கே இவ்வளவு பேர் நடுவில் யாருக்கும் தெரியாமல் கிடந்தேன். திட்டிய அம்மாவிடம் செடி பார்க்கிறேன் என்று சொன்னேனே, அப்போது செடியைப் பார்த்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. தூக்கிவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளை எழுந்து நில் என்று சொன்ன வாய்.

ஆக, படுத்தது நான். எழுந்திருக்காதது நானாகச் செய்ததில்லை. இந்த இரண்டாவது பாதியை உன்னிடம் சொன்னால் நீ ஞாயிறு வரைகூடக் காத்திருக்க மாட்டாய் என்று பயந்துதான் மறைத்தேன். முதல் பாதியை நீ நம்பாததற்கு நான்தான் காரணமோ என்னவோ. என் குரலில் ஏதோ இடித்திருக்கும் உனக்கு.

அதற்காகப் பெங்களூருக்கு வந்துவிடு என்றால், என்னால் சட்டென்று தலையாட்ட முடியவில்லை. நித்யாவிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. "அத்தை, உங்க ரூம்ல பெரிய ஜன்னல் இருக்கு, வெளிச்சம் ஜாஸ்தி, எழுதறதுக்கு மேஜ போட்டுட்டேன்" என்று அவள் சொன்னபோது மனசு நெகிழ்ந்துதான் போனது. ஆனால் உங்கள் வீடு அத்தனை மாடிக்கு மேலே. நான் கீழே இறங்கிப் பார்க்க அங்கே எந்தச் செடி இருக்கிறது? நீ குறிப்பை அனுப்பினால் நான் எதைப் போய்ப் பார்த்து எழுதுவேன்? மறுபடியும் இலை வேர்விடுகிறது என்று எழுதி அனுப்புவேன், அம்மாவாயிற்றே என்று நீயும் சிரிக்காமல் விட்டுவிடுவாய். அந்த நாள்தான் எனக்குப் பெரிய பயம். வேங்கிக்காலில் இந்த வீட்டை நானும் அப்பாவும் கட்டியதால் பிரிய முடியவில்லை என்று நீ நினைக்கிறாய். அதெல்லாம் இல்லை. வீடு செங்கல்தான். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, அது இன்னும் முடியவில்லை. தண்டு எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே வேர் விட்டுக்கொள்ளலாம் என்று நீ சொல்வாய். சொல்லாதே. மனிதர்களைச் செடியோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்களை வகுப்பிலேயே எனக்குப் பிடிக்காது.

ஆனால் குளியலறைக்குப் போகும்போது இப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அதையும் எழுதிவிடுகிறேன், பாதி சொன்னது போதும்.

உன்மேல் எனக்கு ஒரே ஒரு கோபம். நாம் போட்ட சட்டத்தை நீ மீறிவிட்டாய். லதா சொன்ன ஒரு வரியை வைத்துக்கொண்டு, போனில் ஒரு சதுரத்துக்குள் தெரிகிற என் முகத்தை வைத்துக்கொண்டு, அம்மா விழுந்தவள் என்று எழுதிப் பெட்டியும் அனுப்பிவிட்டாய். அந்தச் சதுரத்தில் நான் எப்போதும் உட்கார்ந்துதான் இருப்பேன். நிற்கிறேனா, நடக்கிறேனா, எழ முடிகிறதா என்று அதில் தெரியாது. பொடுதலையைப் போய்ப் பார்க்கச் சொன்னவன் அம்மாவைப் போய்ப் பார்க்கவில்லை. பஸ் ஏறினால் அரை நாள்கூட ஆகாத தூரத்தில் இருந்துகொண்டு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம். நீ மட்டும் பஸ்ஸில் வா. சனிக்கிழமையே வந்துவிட்டால் இன்னும் நல்லது. விடிந்ததும் அந்தக் குளக்கரைக்குப் போவோம். டீக்கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பொடுதலைக்குப் பக்கத்தில் நீயும் படு, நானும் படுக்கிறேன். கல்லின் மேல் தூக்கி நிற்கும் கணுவில் அந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டுகிறேன். வருகிறவர்கள் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து கும்பிடுகிறார்கள் என்று வழிவிட்டுப் போகட்டும், வாழைப்பழம் வைத்தால் ஆளுக்குப் பாதி சாப்பிடலாம். பார்த்து முடித்ததும் நீ முதலில் எழுந்துகொள். உடனே கை கொடுக்காதே. நான் எழுந்திருக்கப் பார்ப்பேன். கையை எங்கே ஊன்றுகிறேன், எந்த முட்டி வருகிறது, எது வரவில்லை என்று நின்று பார். அவசரப்படாமல் பார், உன் செடிகளைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் கை கொடு, நான் எவ்வளவு கனம் என்று உன் கைக்குத் தெரியட்டும்.

அதன் பிறகு நீ வண்டியைக் கூப்பிடச் சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அகராதியை நானே பெட்டியில் வைப்பேன். இங்கேயே இரு, லதா காலையிலும் சாயங்காலமும் வந்து பார்க்கட்டும், தனியாக யாரும் மண்ணில் படுக்கக் கூடாது என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். நீ பார்த்துவிட்டுச் சொன்னால் போதும்.

பழைய சட்டை போட்டுக்கொண்டு வா. அங்கே இன்னும் சேறு காயவில்லை.

அம்மா